கத்தரிக்காய் போட்ட கருத்து

செப்டம்பர் 1
எங்கள் பொருள் மதிப்புரைத் தளத்தின் ஆசிரியர் முன்திர் நான் எழுதிய மதிப்புரையை அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். "மின்சாரக் கெட்டிலைப் பத்தி எழுதச் சொன்னா கல்யாண வாழ்த்து எழுதியிருக்கியே ஷுரூக்! இது கெட்டிலா, உன் மச்சானா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மாதக் கடைசிக்குள் வாசகர் நம்புகிற மாதிரி ஒன்றாவது எழுதாவிட்டால் வேலை இல்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா எங்கள் ஊர் இர்பித் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், மகள் இணையதளத்தில் எழுதுகிறாள் என்று.

செப்டம்பர் 3
யாராவது கற்றுக்கொடுத்தால் தேவலை.

செப்டம்பர் 7
காணொளிகளில் பெட்டி பிரித்துக் காட்டும் பிரபலத்தின் வகுப்புக்குப் போனேன். முதல் பாடம்: பெட்டியைத் திறக்கும்போது ஆச்சரியப்படுவது. பதினைந்து தடவை ஆச்சரியப்பட்டேன். தாடை வலிக்கிறது. பொருள் ஓடுகிறதா என்று அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

செப்டம்பர் 11
என் மிக்ஸி மதிப்புரைக்குக் கீழே 'கத்தரிக்காய்' என்ற பெயரில் ஒரு கருத்து: "எழுதினவங்க கடைக்காரர் வீட்டுல என்ன சாப்பிட்டாங்க?"

எப்படித் தெரிந்தது? எழுதிப் பார்க்க மிக்ஸியை இரவல் வாங்கப் போனபோது கடைக்காரர் அபூ தாமிர் மாமா சாப்பிடாமல் விடவில்லை. "வெறும் வயித்தோட போனா எனக்குத்தான் அவமானம், மகளே." அவர் மனைவி பாகு சொட்டும் குனாஃபா இனிப்பு ஒரு தட்டு வைத்தார். ஒருவர் வீட்டு உப்பைத் தின்றுவிட்டு அவர் பொருளைக் குறை சொல்வதா? நம்மில் யாருக்கு நாக்கு வரும்?

மூடி கசிந்து எங்கள் சமையலறைச் சுவர் இன்னும் பச்சையாக இருக்கிறது. நான் எழுதியதோ: "உற்சாகமாக அரைக்கிறது."

செப்டம்பர் 12
"குனாஃபா" என்று பதில் போட்டேன். வெட்கமாக இருந்தது.

கத்தரிக்காய்: "அதான் இவ்வளவு இனிப்பு."

செப்டம்பர் 15
கத்தரிக்காயோடு இப்போது தனிச்செய்தியில் பேச்சு. அவள் நிஜப் பெயர் ரபாப். என் வயதுதான். இங்கேயே பெரிய கடை ஒன்றில், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் மேசையில் வேலை. "தினமும் நாப்பது பேர் என்கிட்ட மதிப்புரை சொல்றாங்கடி. ஒருநாள் வந்து பக்கத்துல நில்லு."

செப்டம்பர் 19
நின்றேன். ஓர் அம்மா இஸ்திரிப்பெட்டியை மேசையில் வைத்தார். "நாலு சட்டை நல்லாத்தான் தேய்ச்சுது. அஞ்சாவது, என் வீட்டுக்காரரோட ஒரே வெள்ளைச் சட்டை." அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

ரபாப் என் காதில்: "இதுல எங்கயாச்சும் 'அருமை' கேட்டுச்சா?"

செப்டம்பர் 22
அபூ தாமிர் கடையில் ஹீட்டர் இரவல் வாங்கப் போனேன். தட்டு வந்தது. "எழுதி முடிச்சிட்டு வந்து சாப்பிடுறேன் மாமா."

"எங்க வீட்டுச் சாப்பாட்டுல விஷமா இருக்கு?"

ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஐயோ, என்ன பொண்ணு நான்! வழியெல்லாம் அழுகை.

செப்டம்பர் 25
எழுதினேன்: "அறை சூடாக இருபது நிமிடம். பத்தாவது நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. அம்மா வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். எங்கள் வீட்டில் மறுபடி போடவில்லை."

செப்டம்பர் 26
கத்தரிக்காய்: "கூடவே மிக்ஸி மதிப்புரையையும் திருத்திடு." திருத்திவிட்டேன், சுவர் உட்பட.

செப்டம்பர் 30
அபூ தாமிர் முன்திரிடம் தொலைபேசியில் கத்தினாராம், இனி ஒரு பொருளும் இரவல் கிடையாது என்று. முன்திர் கூப்பிட்டபோது முடிந்தது என்றே நினைத்தேன்.

"அப்போ எந்த ஹீட்டர் வாங்கலாம்னு கேட்டு அறுபத்திமூணு பேர் எழுதியிருக்காங்க. எல்லாம் உன் பேருக்கு. இனிமே பொருளை நாமளே வாங்கிக்கலாம். நீயே போய் வாங்கு."

ஒரு பட்டியலைக் கொடுத்தார். பதினோரு பொருள்கள். மேலே 'அக்டோபர்' என்று போட்டிருந்தது.