அக்காவின் முடி, இருநூறு மடங்கு

பிப்ரவரி 3

இன்றும் தலை தலையாக வந்தார்கள். ஒவ்வொரு தலையிலிருந்தும் சில முடிகளை வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் தடிமன் அளக்கிறேன். இதற்குத்தான் விலங்கியலில் முதுகலை!

டாக்டரின் மச்சான் வந்து எட்டிப் பார்த்தார். முடி வளர்க்கும் இந்த க்ளினிக்குக்கு அவர்தான் மேனேஜர், போட்டோ பிடிப்பவர், விளம்பரம் எழுதுபவர். படித்தது கணக்குப்பதிவு, போட்டிருப்பது வெள்ளைக் கோட்டு.

"உள்ள என்ன மேடம், கோடு கோடா இருக்கு?"

சொன்னேன். கண்ணை வைத்துப் பார்க்கிற கண்வில்லைக்குள் இருப்பது ஒரு குட்டி அளவுகோல். கீழே பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் ஒரு கோடு பத்து மைக்ரான். இருபது மடங்கு லென்ஸ் போட்டால் அதே கோடு ஐந்து மைக்ரான்தான். லென்ஸை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும்.

"ஓஹோ, லென்ஸ மாத்தினா முடி பெருசாயிடும்!"

"முடி பெருசாகாது சார். படம்தான் பெருசாகும்."

"அதேதானே மேடம்" என்று போய்விட்டார். அதேதானாம்.

பிப்ரவரி 5

அக்கா இங்கேயே சிகிச்சைக்கு வந்து சேர்ந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குக் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை. "எல்லாரும் குனிஞ்சு சில்லறைய வாங்கிட்டு, நிமிரும்போது என் தலையத்தான்டி பாக்கறாங்க" என்பாள். தலையில் எப்போதும் துணி.

"எல்லாம் காதுல பூ சுத்தற வேலைக்கா" என்றேன்.

"நீ வேலை பாக்கற இடம்டி. ஏமாத்தினா நீ சும்மா விடுவியா?"

அவள் முடி பத்து லென்ஸில் நாலரைக் கோடு. நாற்பத்தைந்து மைக்ரான். மெலிசுதான்.

பிப்ரவரி 20

டாக்டர் எல்லார் தலைக்கும் கொடுக்கிற எண்ணெயை மோந்து பார்த்தேன். ரோஜா வாசனை. முடி வருமோ என்னமோ, எறும்பு வரும்.

ஏப்ரல் 22

அக்காவின் முடியை மறுபடி அளந்தேன். நாற்பத்தைந்து. அதே நாற்பத்தைந்து. எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பிவிட்டேன். முடிவை டாக்டர்தான் சொல்லவேண்டும் என்பது இங்கே சட்டம். ஒரு விதத்தில் நல்லது. அவள் முகம் செத்துப்போவதை நான் பார்க்க வேண்டாம்.

ஏப்ரல் 24

முகம் செத்துப்போகவில்லை. என் வீட்டு வாசலிலேயே ஆடிக்கொண்டு வந்தாள். கையில் பளபளவென்று இரண்டு படம். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின். பின் படத்தில் முடி கயிறு மாதிரி இருக்கிறது. கீழே தொண்ணூறு மைக்ரான் என்று அச்சு. அதற்கும் கீழே — என் கையெழுத்து! வேறெங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

அவள் முகம் கழுவப் போனதும் ஸ்கேலை எடுத்தேன். முன் படத்தில் முடியின் அகலம் நாலரை மில்லிமீட்டர். அதாவது நாலாயிரத்து ஐந்நூறு மைக்ரான். உண்மையான நாற்பத்தைந்தால் வகுத்தால் நூறு மடங்கு. பின் படத்தில் ஒன்பது மில்லிமீட்டர். வகுத்தால் இருநூறு. வளர்ந்தது முடி இல்லை, லென்ஸ். படத்துக்குள் அளவுக்கோடு ஒன்று போட்டிருந்தால் அதுவும் கூடவே நீண்டு குட்டை உடைத்திருக்கும். அதைத்தான் கவனமாக வெட்டிவிட்டார்களே.

அடுத்த வாரத்திலிருந்து உச்சந்தலையில் ஊசியாம். மருந்துக்கு இவ்வளவு நன்றாகக் கேட்கிற தலைக்கு அதுதான் அடுத்த கட்டமாம். ஊசியைத் தூரத்தில் பார்த்தாலே மயங்கி விழுகிறவள், "பல்லக் கடிச்சுக்கிட்டு போட்டுக்கப்போறேன்டி" என்கிறாள்.

சொல்லவில்லை. ஏன் சொல்லலை நான்?

ஏப்ரல் 25

டாக்டர், மச்சான் இரண்டு பேரையும் கேட்டேன். வெள்ளைக் கோட்டுக்குத் துளி வெட்கம் இல்லை. "நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "நம்பிக்கைதாம்மா பாதி மருந்து" என்றார்.

"மீதிப் பாதி லென்ஸா சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "உங்க அக்காகிட்ட நீங்களே சொல்லிப் பாருங்க. உங்கள நம்புறாங்களா, படத்த நம்புறாங்களான்னு பாக்கலாம்."

ஊரார் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுக் கண்ணாடி துடைக்கிற கை அது.

ஏப்ரல் 26

சொன்னேன். படத்தைத்தான் நம்பினாள்.

"சின்ன வயசுலேர்ந்தே நீ இப்படித்தான். எனக்கு ஒண்ணு நல்லதா நடந்தா உனக்கு ஆகாது. எத எடுத்தாலும் நக்கல்."

சரி, போ. குத்திக்கோ. எனக்கென்ன வந்தது? — எனக்குத்தான் எல்லாம் வந்தது. அழுகை அழுகையா வருது. நக்கலாவே பேசித் தொலைச்சதுக்கு, நிஜத்தைச் சொன்னாலும் அதுவும் நக்கலாத்தான் கேக்குது அவளுக்கு.

ஏப்ரல் 30

முதல் ஊசி இன்று. ஊசி அறைக்குப் போகாமல் நேராக என் அறைக்கு வந்தாள். தலைத்துணியை அவிழ்த்து, தானே ஒரு முடியைப் பிடுங்கி நீட்டினாள்.

"காட்டு."

பத்து லென்ஸில் காட்டினேன். பிறகு அவள் கண்ணை எடுக்காமலே இருக்க, லென்ஸை இருபதுக்குத் திருப்பினேன்.

"பெருசாயிடுச்சே" என்றாள். வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது கண்வில்லை ஈரமாயிருந்தது.

"படம் வந்த அன்னைக்கே ஏன்டி சொல்லல?"

"நீ ஆடிக்கிட்டிருந்தக்கா."

"கீழ உன் கையெழுத்துடி. அதப் பாத்துதான் நான் ஆடினேன்."

எழுந்து கூடத்துக்குப் போனாள். அங்கே வரிசையாக ஜனங்கள், எதிரே டாக்டர், பக்கத்தில் வெள்ளைக் கோட்டு. துணி இல்லாத தலையோடு நின்று படங்களைத் தூக்கிப் பிடித்தாள். "ரெண்டாவது படம் எத்தனை மடங்கு?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் வெள்ளைக் கோட்டு முந்திக்கொண்டது. "முன்னதவிட ரெண்டு மடங்கு மேடம்!" பாராட்டு என்று நினைத்துவிட்டது.

"படமா, முடியா?"

டாக்டர் மறுபடி கண்ணாடி துடைத்தார். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள், ஊசி தீர்ந்துவிடுமோ என்ற கவலையில். இவர்களை என்ன சொல்ல?

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமலே படியிறங்கிப் போனாள்.

மே 2

வேலை போயிற்று. கிளம்பும்போது லென்ஸ்கள் சரியாக இருக்கின்றனவா என்று வெள்ளைக் கோட்டு சோதித்தது. திருடி நானாம்.

ஜூன் 28

அக்கா தலையை மழித்துக்கொண்டாளாம். அம்மா சொல்லித்தான் தெரியும். என்னோடு இன்னும் பேச்சில்லை.

ஆகஸ்ட் 11

புது இடத்தில் மலப் பரிசோதனை. புழு முட்டை அறுபது மைக்ரான் என்றால் அறுபதுதான். பெரிதாக்கித் தரச் சொல்லி யாரும் வரிசையில் நிற்பதில்லை. க்ளினிக் நன்றாகவே நடக்கிறது. விளம்பரப் பலகையில் போன மாதத்தைவிடப் பெரிய தலை.

மத்தியானம் போனில் அக்காவிடமிருந்து ஒரு படம். டிக்கெட் கவுண்டருக்குள், துணி இல்லாமல், குத்திட்டு நிற்கும் கறுப்பு முடியோடு. நெற்றியில் ஒரு பள்ளிக்கூட ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்திருக்கிறாள். கீழே ஒரு வரி: "அளந்து சொல்லு. பெருசாக்காம."

மக்கு. பூஜ்யத்தை முடி தொடங்குகிற இடத்தில் வைக்கத் தெரியவில்லை, நெற்றிக்கு இறங்கிவிட்டது. முடி தொடங்குவதே ஐந்தாவது கோட்டில்தான். நுனி இருபதில். இருபதில் ஐந்து போனால் பதினைந்து மில்லிமீட்டர்.

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.