சுவரொட்டியில் மேனுஷா

வெம்பிளி, லண்டன்
22.02.2026

அன்புள்ள தம்பி ஆனந்தராஜாவுக்கு,

அண்ணன் பரமேஸ்வரன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். உன் அண்ணி கனகாம்பிகைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வாய் வழமைபோல் நன்றாக வேலை செய்கிறது. இத்தாலியில் நீயும் பிரசாந்தினியும் பிள்ளை மேனுஷாவும் நலமாக இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசலாமே, ஏன் கடிதம் என்று நினைப்பாய். உங்கள் நகரத்து மேயர் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் நீ இணைப்பை வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் ஒருதரம் வாசி.

போன சனிக்கிழமை எங்கள் விளையாட்டுக் கழகத்தின் கரப்பந்தாட்டப் போட்டி சிறப்பாக நடந்தது. வைகாசியில் இங்கே கவுன்சில் தேர்தல் என்பதால் மூன்று கட்சி வேட்பாளர்களும் தவறாமல் வந்திருந்தார்கள். ஒருவர் வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டு வந்தார். இன்னொருவர் மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டு, உறைப்புத் தாங்காமல் கண்ணைத் துடைத்தார். எங்கள் அறிவிப்பாளர் அவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டார். ஊரிலும் தேர்தல் வந்தால்தானே எங்கள் மைதானத்துக்குப் புது வலை வரும்!

அந்தப் போட்டிக்கு நாங்கள் வெளியிட்ட சிறப்பு மலரில்தான் நான் ஒரு கூத்து ஆடிவிட்டேன். மேனுஷா வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அடிக்கிற சுவரொட்டி ஒன்றை முகநூலில் கண்டேன். எனக்கு இத்தாலி மொழி தெரியாது, பிள்ளையின் முகம் தெரியும். முழுப் பக்கத்தில் போட்டு வாழ்த்து எழுதினேன். கீழே மூலையில் ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் மலர்களில் நகைக்கடைக்காரரோ வீடு விற்பவரோ மூலையில் சிரிக்காத பக்கம் எது? இவரும் காசு தந்த அனுசரணையாளர் என்று நினைத்து, “இப்படத்தை வழங்கிய பெருந்தகைக்கு நன்றி” என்றும் போட்டுவிட்டேன்.

இத்தாலியின் பலெர்மோவில் நெடுங்காலம் இருந்துவிட்டு இங்கே வந்த பியற்றிஸ்தான் அதை வாசித்தாள். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு சிரிப்பை நிற்பாட்டினாள். “அண்ணை, இது வாக்குக் கேக்கிற சுவரொட்டி. மூலையிலை சிரிக்கிறவர்தான் அந்த ஊர் மேயர். ‘எங்கள் பெண்கள், எங்கள் பெருமை’ எண்டு போட்டிருக்கு. வெளிநாட்டுக்காரரின்ர பிள்ளையளுக்கு லேசிலை குடியுரிமை குடுக்கக் கூடாது எண்டு நிக்கிறதே இந்தக் கட்சிதான்” என்றாள். அப்போதுதான் மேயரின் பெயரைக் கேட்டால் உனக்கு ஏன் கொதி வருகிறதென்று எனக்கு விளங்கியது.

உன் கோபம் நியாயமானது. அங்கேயே பிறந்த பிள்ளை. பந்தை அடித்தால் எங்கள் பெண், அலுவலக வரிசையில் நின்றால் வெளிநாட்டுக்காரி. கழகத்துக்கு ஆடலாம், தேசிய இளையோர் அணிக்கு ஆடக் குடியுரிமை வேண்டும். உன்னுடைய விண்ணப்பமும் வருமானம் போதாதென்று திரும்பி வந்தது. அந்த நாட்டில் விளையாட்டையும் கட்சியையும் பிரிக்கவே ஏலாது என்று பியற்றிஸ் சொல்கிறாள். அவள் இருந்த தெருவில் உதைபந்தாட்ட அணி தோற்றால் மேயருக்குத் திட்டு விழுமாம். வென்றால் கட்சிக்காரர் எல்லாரும் அணியின் நிறத்தில் சால்வை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்களாம்.

நீ தை மாதம் தொலைபேசியில் எடுத்து, அவர்களுடைய கடவுச்சீட்டே வேண்டாம், பிள்ளையை மாணவர் விசாவில் லண்டனுக்கு அனுப்புகிறேன், உங்கள் வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று சொன்னாய். மறைக்காமல் சொல்கிறேன், அன்று நாங்கள் இருவரும் சாப்பிட மறந்து பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளை இல்லாத வீடு. அண்ணி அடுத்த நாளே சின்ன அறைக்குத் திரைச்சீலை வாங்கிவிட்டாள். என்ன நிறம் பிடிக்கும் என்று பிள்ளையிடம் கேட்கவும் இல்லை.

ஆனால் பியற்றிஸ் இன்னொன்றும் சொன்னாள். “அங்கை பிறந்த பிள்ளை பதினெட்டு வயசு வரைக்கும் அங்கையே இருந்தால்தான் குடியுரிமை கேக்கலாம். இப்ப இஞ்சை குடிவந்தால் எல்லாம் போச்சு, அண்ணை” என்றாள். இது உனக்குத் தெரியாததல்ல. கோபத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறாய். சித்திரை பிறந்தால் அவளுக்குப் பதினெட்டு. அனுப்பாதே, தம்பி. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, என்றாலும் எழுதுகிறேன். அனுப்பாதே.

நேற்று மேனுஷா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்தச் சுவரொட்டியைப் பார்க்க உனக்குக் கவலையில்லையா என்று கேட்டேன். “பெரியப்பா, அந்தப் பந்து புள்ளி எடுத்தது. அது என்ர படம், அவர்தான் ஓரத்திலை நிக்கிறார்” என்றாள். சித்திரையில் நகரசபையில் குடியுரிமைக்குக் கையெழுத்து வைத்தால் அடுத்த தேர்தலில் தனக்கும் வாக்கு இருக்கும், அதை அவர் இன்னும் யோசிக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். பயிற்றுநரும் ஆனியில் தேசிய அணியின் முகாமுக்கு அவள் பெயரைக் கொடுக்கக் காத்திருக்கிறாராம். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. எங்கள் இருவரையும் விடக் கெட்டிக்காரி.

பிறகு குரல் மாறிவிட்டது. கையெழுத்தை வாங்கப்போவது அந்த மேயர் என்பதால், நீ நகரசபை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். அணிப் பிள்ளைகள் எல்லாரும் வருவார்களாம். “அப்பா வராட்டி நீங்கள் வந்து என்ர பக்கத்திலை நில்லுங்கோ, பெரியப்பா” என்று கேட்டாள். பார்ப்போம் பிள்ளை என்று மட்டும் சொன்னேன்.

நாங்கள் விமானச் சீட்டு எடுத்துவிட்டோம். பின்வரிசையில் இருந்து பார்ப்போம். அவள் பக்கத்து இடம் உன்னுடையது. மேயர் கை நீட்டினால் கொடு, அல்லது கொடுக்காமல் விடு. படம் எடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பாதே. அதையும் சுவரில் ஒட்டினால் ஒட்டட்டும், பெற்றவனும் அதில் நிற்பான்.

வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் உங்கள் மூவரையும் காக்கட்டும். போன வெள்ளிக்கிழமை பிள்ளையின் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தோம். அவள் உங்களுக்கு என்ன முறை என்று ஐயர் கேட்டபோது, “மகள்” என்று அண்ணி சொல்லிவிட்டாள். நான் திருத்தவில்லை. நீ அன்றைக்கு வராவிட்டால் உன் இடத்தில் நான் போய் நின்றுவிடுவேன், தம்பி. எனக்கு அந்த ஆசை நிறைய இருக்கிறது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், நீ வா.

என்றும் உன் நன்மையை வேண்டும்,
அண்ணன்
பரமேஸ்வரன்