ஹலீமாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

12 மே, திங்கள்

மழை. மதியம்வரை கடைக்கு இரண்டே பேர். ஒருவர் கண்ணாடிக்கு மூக்குத்தாங்கி மாற்ற வந்தார், மற்றவர் மழைக்கு ஒதுங்கினார்.

நேற்று ஹலீமா நீச்சல் குளத்திலிருந்து வந்தபோது நெற்றியிலும் கன்னத்திலும் மாஸ்க் பதிந்த தடம். ஸ்கூபா டைவிங் பழக ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. ஞாயிறு ஆனால் போய்விடுகிறாள். பையை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மாஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். பவர் கண்ணாடி போட்டிருந்தது. இரண்டு பக்கமும் மைனஸ் ஐந்து.

அவளுடைய வலது கண் ஐந்தே முக்கால். எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்பே இந்தக் கடைக்குக் கண் காட்ட வந்தவள். அன்றிலிருந்து அவள் போட்ட ஒவ்வொரு கண்ணாடியும் என் கையால் செய்தது. சிங்கப்பூர் டன்லப் தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் பெண்டாட்டிக்கு எவனோ ஒருவன் ரெடிமேட் பவர் மாட்டி அனுப்பியிருக்கிறான்.

“ஏன் என்கிட்ட கேக்கல?”

“அங்கேயே இருந்துச்சுங்க. சுரேந்தர் ரெண்டு நிமிஷத்துல மாட்டிக் கொடுத்துட்டாரு.”

சுரேந்தர்.

16 மே, வெள்ளி

ஜும்ஆ முடிந்து சாப்பிட வீட்டுக்குப் போனேன். மீன் ஆணம். முள்ளை எடுத்துக்கொண்டே ஹலீமா சொல்கிறாள், சுரேந்தர் சொன்னாராம், தண்ணீருக்குள் மூச்சை மட்டும் அடக்கவே கூடாதாம். சுரேந்தர் சொன்னாராம், அவளுக்குப் பதற்றமே இல்லையாம். சுரேந்தர் சொன்னாராம், நீந்தக் காலில் மாட்டுகிற ஃபின்ஸ் வாங்கும்போது காலைக் கடிக்கக் கூடாதாம்.

என் மகள் இன்ஷாவிடம் மெல்லக் கேட்டேன், யாரம்மா அந்த சுரேந்தர், வயசானவரா?

“அம்மாவோட இன்ஸ்ட்ரக்டர் அத்தா. நோ லா, யங். வெரி ஃபிட்.”

பதினான்கு வயசு. அவளுக்கு எதற்கு இந்த விவரம்?

20 மே, செவ்வாய்

செய்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஜாலான் புசார் நடந்து போனேன். மாடியில் இருக்கிறது அந்த டைவிங் கடை. சின்ன இடம், ரப்பர் வாடை, சுவர் முழுக்க மாஸ்க்கும் ஃபின்ஸும். உள்ளே அவன். உயரம். வெயிலில் காய்ந்த தோள், கழுத்தில் தொங்கும் மாஸ்க். பல் தெரியச் சிரிக்கிறான்.

“வாங்கண்ணே. புதுசா பழகப் போறீங்களா? பேரு?”

“பெர்னார்ட்” என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பெயர்.

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். “சரி பெர்னார்ட் அண்ணே. முதல்லயே எல்லாத்தையும் வாங்காதீங்க. மாஸ்க் மட்டும் சொந்தமா இருக்கட்டும், மத்ததெல்லாம் வாடகைக்கு எடுத்துக்கலாம். கடல் உங்களுக்குப் பிடிக்குதான்னு பாத்துட்டு வாங்குனா போதும்.”

நல்லவன்போல் பேசுகிறான். அதுதான் எரிகிறது. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் வீட்டில் போய்ச் சொல்ல எனக்கு ஒரு விஷயம் கிடைத்திருக்கும்.

சுவரில் மாணவர்களின் படங்கள். கறுப்பு வெட்சூட், தலையை மூடிய ஹூட், முகம் மட்டும் வெளியே, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்து ‘ஓகே’ காட்டிச் சிரிக்கிற ஒரு பெண். ஹலீமாதான். அப்படிச் சிரிக்கிற ஹலீமாவை நான் பார்த்து எவ்வளவு காலம்?

போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிவிட்டேன்.

23 மே, வெள்ளி

நானும் பழகப் போகிறேன். அவள் எங்கே போகிறாளோ அங்கே நானும் போவேன். புருஷன்தானே? இதில் என்ன தவறு?

வேறு கடை. ஷாப்பிங் மாலில், பெரியது, குளுகுளுவென்று. விற்பனைப் பெண்ணிடம் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஜாலான் புசார் கடையில் அவன் வைத்திருந்ததைவிட இது உசத்தியா? உசத்தி என்றாள். வாங்கினேன். வாயில் கடித்து மூச்சு விடும் ரெகுலேட்டர், காற்றடைத்து மிதக்கிற பி.சி.டி. சட்டை, மணிக்கட்டில் ஆழம் காட்டும் கடிகாரம், என் கால் நீளத்துக்கு ஃபின்ஸ். அவன் கழுத்தில் தொங்கிய அதே மாஸ்க், அதே நிறம். இன்னும் தண்ணீரில் ஒரு கால்கூட வைக்கவில்லை நான்.

எல்லாம் இப்போது கடைக்குப் பின்னால், ஃபிரேம் பெட்டிகளுக்குப் பின்னே ஒளிந்திருக்கிறது. வகுப்புக்கும் அங்கேயே பெயர் கொடுத்துவிட்டேன். புதன் மாலை, ஜூரோங் பக்கம் ஒரு நீச்சல் குளம். ஹலீமாவிடம் லென்ஸ் அறுக்கும் பட்டறைக்குப் போவதாகச் சொன்னேன்.

“ஜூரோங்குக்கா? வாராவாரமா?”

“வேலை இருக்குல்ல.”

“ம்” என்றாள்.

28 மே, புதன்

மூக்கு எரிகிறது. கண் எரிகிறது. மானமும் போயிற்று.

வகுப்பில் ஐந்து பேர். மற்ற நால்வரும் என் வயதில் பாதி. சொல்லிக்கொடுப்பவர் மேக்ஸ்வெல், தாடி வைத்த, அலட்டிக்கொள்ளாத மனிதர். இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு முகத்தை உள்ளே விட்டால் போதும், அவ்வளவுதான் பாடம். விட்டேன். மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. எழுந்து இருமினேன். மறுபடி விட்டேன். மறுபடி ஏறியது. கடைசியில் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மீசை வழியா ஒழுகுது அண்ணே” என்றார் மேக்ஸ்வெல். “ஆனா அது மட்டும் இல்ல. மாஸ்க் உங்க முகத்துக்கு அகலம். கடையில போட்டுப் பாக்கலையா?”

பார்க்கவில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஃபிரேமை மாட்டி, குனியச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, காதுக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்ப்பவன் நான். எனக்கென்று வாங்கும்போது இன்னொருவன் முகத்துக்கு வாங்கி வந்திருக்கிறேன்.

30 மே, வெள்ளி

மீசையை எடுத்துவிட்டேன். இன்ஷா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஹலீமா நீண்ட நேரம் பார்த்தாள்.

“என்ன திடீர்னு?”

“வெயில்.”

ஜன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

7 ஜூன், சனி

ஹஜ்ஜுப் பெருநாள். ஹலீமாவின் தங்கை அஃப்னா குடும்பத்தோடு வந்திருந்தாள். பிரியாணி, பேச்சு, கூச்சல். பேச்சு முழுக்க ஹலீமாதான். இரண்டு வாரத்தில் மலேசியப் பக்கம் தியோமான் தீவுக்குப் போகிறாள், முதல் தடவை கடலில் இறங்க. அஃப்னா வியந்துபோய்க் கேட்கிறாள், “பயமா இல்லையாக்கா? சுறா வந்தா?” இவள் சிரித்துக்கொண்டே கையை மீன்போல ஆட்டிக் காட்டுகிறாள்.

“மச்சான், நீங்க போகலையா?” என்றாள் அஃப்னா. நான் பதில் சொல்வதற்குள் ஹலீமா சொன்னாள், “அவங்களுக்குத் தண்ணின்னா ஆகாது.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹலீமா மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன்.

என்னைவிடத் தைரியசாலி என் பெண்டாட்டி என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. எனக்கு எரிச்சல் அவன்மேலா, இவள்மேலா?

22 ஜூன், ஞாயிறு

தியோமானிலிருந்து ஹலீமா அவர்கள் குழுவின் படங்களை இன்ஷாவுக்கு அனுப்பியிருந்தாள். இன்ஷாதான் காட்டினாள். நீலத் தண்ணீர், குமிழிகள். ஹலீமா கீழே இறங்குகிறாள். அவள் மணிக்கட்டை அவன் பிடித்திருக்கிறான்.

பெரிதாக்கிப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். ஃபோனைத் திருப்பிக் கேட்டாள் இன்ஷா. “அத்தா, யூ ஓகே?”

இல்லம்மா. ஓகே இல்ல.

24 ஜூன், செவ்வாய்

நேற்று நடந்தது. எழுதிவிடுகிறேன்.

இன்ஷா டியூஷனுக்குப் போயிருந்தாள். ஹலீமா பால்கனியில் வெட்சூட்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன். எதுக்கு அந்தாளு உன் கையப் புடிச்சிருக்கான்?

“முதத் தடவ இறங்குற எல்லாரு கையயும்தான் புடிப்பாரு. என்கூட வந்த லிண்டா கையயும் புடிச்சாரு. அந்தப் படம் வேணுமா?”

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? அவன் பேர் இல்லாம இந்த வீட்ல ஒரு வாய் சோறு இறங்கலன்னு சொன்னேன். ஞாயிறு ஆனா யாருக்காக ஓடுறன்னு கேட்டேன். என் வாயிலிருந்துதான் வந்தது. வேறு யாரும் சொல்லவில்லை.

அவள் கத்தவில்லை. வெட்சூட்டை மடித்து நாற்காலியில் போட்டாள்.

“பெர்னார்ட் யாருங்க?”

டைவிங் கடையில் நான் சொன்ன அதே பெயர்.

“வகுப்புல முதல் நாளே குடும்பப் படம் காட்டியிருக்கேன் அவர்கிட்ட. நீங்க படியிறங்கிப் போன உடனே ஃபோன் பண்ணிட்டாரு. ‘அக்கா, அண்ணன் வந்தாரு, வேற பேர் சொன்னாரு, ஏதும் பிரச்சினையா’ன்னு. நான் என்ன சொல்றது? அப்புறம் ஜூரோங். அப்புறம் மீசை. கடைக்கு ஒருநாள் வந்தப்போ பெட்டிக்குப் பின்னாடி ஃபின்ஸ் நீட்டிக்கிட்டு நிக்குது. நீங்களா சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன். பெருநாளன்னிக்கு எல்லாரும் இருக்கும்போது ‘தண்ணின்னா ஆகாது’ன்னு வேணும்னேதான் சொன்னேன், அப்பவாவது சொல்லுவீங்கன்னு. சொல்லல நீங்க.”

“உன்கூட வரணும்னுதான்...”

“கூட வரவா? காவல் காக்கவா?”

பிறகு அவள் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

“மாமி படுத்த நாள்லேர்ந்து மவுத்தாகுற வரைக்கும், ஹலீமா ஹலீமான்னு ஒரே குரல். நான் ஒரு நாளும் குறை சொல்லல. இன்னிக்கும் நான் வேல பாக்குற ஸ்கூல் ஆபீஸ்ல கூப்புடுறாங்க, வீட்ல கூப்புடுறீங்க. தண்ணிக்குள்ள போனா யாரும் கூப்புட முடியாதுங்க. என் மூச்சுச் சத்தம் மட்டும்தான். அதுக்குத்தான் ஓடுறேன். நீங்க அங்கேயும் வந்து நின்னீங்கன்னா நான் எங்க போவேன்?”

என் உம்மாவைக் கடைசி நாள்வரை அவள்தான் பார்த்தாள். நான் கடையில் இருந்தேன்.

27 ஜூன், வெள்ளி

வீட்டில் பேச்சு இல்லை. எல்லாம் இன்ஷா வழியாகத்தான். “அத்தாகிட்ட சொல்லு, சாப்பாடு மேசையில இருக்கு.” நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். இன்ஷா என்னைப் பார்க்கிறாள், அம்மாவைப் பார்க்கிறாள், “ஐ ஆம் நாட் போஸ்ட்மேன்” என்று அறைக்குப் போய்விடுகிறாள்.

மாலுக்குப் போய் மாஸ்க்கைத் திருப்பிக் கேட்டேன். தண்ணீரில் நனைந்ததை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

மற்றதையெல்லாம் விற்றுவிடலாமா?

2 ஜூலை, புதன்

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். நடுவில் சில வகுப்புகளை எப்படியோ ஒப்பேற்றியிருந்தேன், இன்றுதான் கடைசி வகுப்பு. மேக்ஸ்வெல் மெசேஜ் போட்டிருந்தார்: “வாங்க அண்ணே, வாடகை மாஸ்க் இருக்கு.” போனேன். இழக்க இனி என்ன இருக்கிறது?

ஆழமான பக்கம். அடியில் மண்டியிட்டு உட்கார்ந்தோம். மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். எனக்கு முன்னால் மேக்ஸ்வெல், நிதானமாக விரலை ஆட்டுகிறார். விட்டேன். குளிர்ந்த தண்ணீர் கண்ணைத் தொட்டது. எழுந்து ஓடத் தோன்றியது. ஓடவில்லை. மேல்விளிம்பை அழுத்திக்கொண்டு ஊதினேன். போயிற்று! எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. குளத்தின் நீலச் சதுரக் கற்கள், யாரோ தவறவிட்ட ஒரு ரப்பர் பேண்ட், மேலே ஆடும் விளக்கு.

பிறகு ஒன்றும் செய்யாமல் அப்படியே இருந்தோம். மூச்சு உள்ளே. மூச்சு வெளியே. குமிழிகள்.

வெளியே வந்து துணி மாற்றும்போதுதான் உறைத்தது. அவ்வளவு நேரமும் சுரேந்தர் ஞாபகமே வரவில்லை. ஹலீமா ஞாபகமும் வரவில்லை. கடை, வாடகை, உம்மா, ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன், இன்ஷா வழியாக இல்லை, நேராக. “நீ சொன்னது இப்பதான் புரிஞ்சுது. தண்ணிக்குள்ள யாரும் கூப்புடல.” பிறகு, “தப்பு என்மேலதான் ஹலீமா” என்றேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“புடிச்சிருக்கா உங்களுக்கு?”

“புடிச்சிருக்கு.”

“அப்ப போங்க. ஆனா என்கூட வேணாம். இப்போதைக்கு.”

நியாயம்தான். வலித்தது.

5 ஜூலை, சனி

ஜாலான் புசார் மாடி ஏறினேன். சுரேந்தர் ஒரு சீனத் தம்பதிக்கு வெட்சூட் காட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முகம் மாறியது, சமாளித்துக்கொண்டான்.

“என் பேரு ரவூப்” என்றேன். “ஹலீமா வீட்டுக்காரன். ஒரு மாஸ்க் வேணும். என் முகத்துக்கு.”

“தெரியும்ணே. உக்காருங்க.”

பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக இழுக்கச் சொன்னான். கையை எடுத்தான். ஒன்று விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அடுத்ததில் ஒட்டிக்கொண்டு நின்றது. விலை குறைவு, நிறம் சுமார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று படியேறும்போது நினைத்திருந்தேன். வரவில்லை. அவன் தோளையும் பல்லையும் பார்த்தால் இன்னும் எரியத்தான் செய்கிறது. அதை இங்கே மறைத்து என்ன பயன்? “நல்லா சொல்லிக்கொடுத்திருக்கீங்க அவளுக்கு” என்று மட்டும் சொன்னேன்.

“அக்கா தானா கத்துக்கிட்டாங்கண்ணே.”

20 ஜூலை, ஞாயிறு

ஹலீமா இரண்டாம் தடவை கடலுக்குப் போயிருக்கிறாள். படங்களைக் காட்டட்டுமா என்று இன்ஷா கேட்டாள். அம்மா வந்து காட்டட்டும் என்றேன். இன்ஷாவோடு தேக்கா சந்தைக்குப் போய் ரொட்டி பிராட்டா சாப்பிட்டோம். நாள் முழுக்க கை ஃபோன் பக்கம் போய்க்கொண்டுதான் இருந்தது. ஃபோனை எடுக்கவில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஹலீமா மூன்றாம் பயணம் போய் வந்தாள். கேட்காமலே உட்கார்ந்து சொன்னாள், தண்ணீர் கலங்கலாம், ஒன்றும் சரியாகத் தெரியவில்லையாம். நான் குறுக்கே பேசவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் கடலுக்குப் போக என் முறை, மேக்ஸ்வெல் குழுவோடு. துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

7 செப்டம்பர், ஞாயிறு. தியோமான்

படகுத்துறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உதடெல்லாம் உப்பு.

காலையில் இரண்டாம் தடவை இறங்கியபோது ஒரு ஆமை. பாறை இடுக்கிலிருந்து, பெரிய வட்டமேசை அளவுக்கு. என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பக்கத்தில் வந்து, எதையோ கடித்துத் தின்றுவிட்டு, மெல்லத் துடுப்படித்து மேலே போயிற்று. நான் மூச்சு விட மறந்தேன், மேக்ஸ்வெல் தோளில் தட்டினார்.

கரைக்கு வந்ததும் ஹலீமாவுக்கு எழுதினேன்: ஆமை பார்த்தேன்.

“பொய்.”

மேக்ஸ்வெல் எடுத்த படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீல டிக் விழுந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால்:

“நான் மூணு தடவ போயிருக்கேன். ஒண்ணுகூட வரல.”

பிறகு: “எந்தப் பக்கம்?”

பாறைக்கு இடது பக்கம் என்றேன்.

“எங்கேர்ந்து பாத்தா இடது? எவ்வளவு ஆழம்? யாரு முதல்ல பாத்தது?”

கேள்விமேல் கேள்வி. இந்தத் தொனி எனக்கு நன்றாகத் தெரியும். மே மாதத்திலிருந்து இப்படித்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். துறையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் வலை உலர்த்திய மலாய்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

இதை எழுதும்போதே இன்னொன்று வந்திருக்கிறது.

“மழைக்காலத்துக்கு முன்னாடி எங்க குரூப் கடைசியா ஒருதடவ போகுது. ஒரு இடம் இருக்கு. நீங்க வந்து அந்த எடத்தக் காட்டுங்க.”

சரி என்று போடப் போகிறேன். டீயைக் குடித்துவிட்டு.