ஏழு மீற்றர் இடம்

ரண்டர்ஸ்
நவம்பர் 9

அன்பும் மதிப்பும் மிக்க மகள் சயந்தினிக்கு அம்மா எழுதும் மடல்.

ஓகஸ்ட் மாதம் நீர் அனுப்பிய கடிதத்துக்கு நவம்பரில் மறுமொழி எழுதுவதற்கு முதற்கண் மன்னிப்பைக் கோருகிறேன். இது சோம்பலினால் நேர்ந்த தாமதம் அன்று. எழுதத்தக்க ஒரு முடிவு இந்த வீட்டில் உருவாகும்வரை காத்திருந்தேன். இவ்விடம் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மாத்திரம் ஈரக்காற்று வீசும் நாட்களில் தொல்லை கொடுக்கிறது. அவ்விடம் நீரும் ஜூலியனும் குறையொன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுதல். உம்முடைய பெயருக்குப் பக்கத்தில் அவருடைய பெயரை நான் எழுதுவது இதுவே முதல் தடவை என்பதைக் கவனித்திருப்பீர். நான்கு ஆண்டுகள் பிந்திவிட்டேன்; மேலே கேட்ட மன்னிப்பில் அதையும் சேர்த்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா நடக்கப் போகும் அரைமணிநேரத்தில் நாம் தொலைபேசியில் கதைப்பது உண்மைதான், ஆனால் இந்த விடயம் அந்த அரைமணிநேரத்துக்குள் அடங்காது, ஆதலால் எழுதுகிறேன்.

அப்பா ஜூன் மாதத்தில் இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஸ்கீவ என்னும் ஊரில் கணவரை இழந்து தனியே வாழும் அன்னா என்னும் அம்மையாரிடம் ஒரு பழைய ஓட்டோகம்பர் வாங்கியதை முன்னரே சொல்லியிருந்தேன். படுக்கை, அடுப்பு, குளிக்குமிடம் யாவும் அதற்குள்ளேயே உண்டு. அதற்கு நான் இல்லவூர்தி என்று பெயர் சூட்டினேன், உப்பிடிச் சொன்னால் ஆருக்கப்பா விளங்கும் என்று அப்பா சிரித்தார், எனினும் நான் அந்தப் பெயரையே பயன்படுத்தி வருகிறேன். அன்னா மூன்று தடவை வந்து தண்ணீர்த் தாங்கியை எப்படி வெறுமையாக்குவது, எரிவாயுவை எப்படி மூடுவது என்றெல்லாம் காட்டித் தந்தார். முதலாவது குளிர்காலப் பயணத்துக்குரிய நாட்டை நன்றாக யோசித்துத் தெரிவு செய்யுங்கள், இருட்டில் ஓட்டாதீர்கள், தண்ணீர் உறையும் இடத்துக்குப் போகாதீர்கள் என்றும் அறிவுரை கூறினார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும் ஒரு காரியத்தை ஆராயாமல் இறங்குபவள் அல்லள் என்பது உமக்குத் தெரியும். நூலகத்திலிருந்து நான்கு டெனிஷ் புத்தகங்களை இரவல் எடுத்து, ஒவ்வொரு நாட்டுக்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, தூரம், வெப்பநிலை, பகல் நீளும் நேரம், அங்குள்ள எரிவாயுச் சிலிண்டர் எங்கள் குழாய்க்குப் பொருந்துமா என்பன எல்லாவற்றையும் எழுதினேன். இருக்கிறதே வெளிநாடு, இதுக்கை இன்னொரு வெளிநாடு தேட வெளிக்கிட்டாச்சு என்று அப்பா பகிடி பண்ணினார், ஆனால் கொப்பியை நான் மேசையில் விட்டுச் சென்ற போதெல்லாம் பக்கங்கள் புரண்டிருந்தன.

ஒவ்வொரு நாடாக அவர் தள்ளிய விதத்தை நீர் நேரில் கேட்டிருக்கவேண்டும். நோர்வேயின் வெண்பனி அழகைப் பற்றி நான் வாசித்துக் காட்டியபோது, முப்பத்தொரு வருசம் குளிரறைக்குள்ளை நிண்டுபோட்டுக் காசு குடுத்து இன்னொரு குளிரறைக்குப் போறதோ என்றார். அது நியாயமான கேள்விதான். ஜேர்மனி கிட்ட இருக்கிறது, என் அக்காவும் அங்கேதான் என்றேன், கொக்கா எங்களை வண்டியிலை படுக்க விடுவாவோ, ஹோலிலை மெத்தையைப் போட்டு மூண்டு நேரமும் புட்டு அவிச்சுத் தருவா, பிறகென்னத்துக்கு வண்டி என்றார். இத்தாலிக்கு மலை ஏறவேண்டுமாம். எல்லோரும் போகும் ஸ்பெயினையாவது ஏற்றுக்கொள்வார் என்று எண்ணினேன், அங்கை முழுக்க டெனிஷ் சனம், பக்கத்து வீட்டுக்காரனைப் பாக்க மூவாயிரம் கிலோமீற்றர் ஓடுறதோ என்று அதையும் தள்ளினார். பின்னர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வரைபடத்தின் தென்மேற்கு மூலையில் விரலை வைத்து, இதிலை என்ன ஊர் கிடக்கு என்று கேட்டார். போர்த்துக்கல், தவீரா என்று நானும் அன்றுதான் உம்முடைய ஊரின் பெயரைக் கேள்விப்பட்டவளைப்போல வாசித்தேன். வெயில் எறிக்குமோ என்றார். எறிக்குமாம் என்றேன். பாப்பம் என்று சொல்லி வரைபடத்தை மடித்துவிட்டார்.

திருமணம் செய்யாமலே ஜூலியனோடு வாழப்போகிறேன் என்று எங்கள் சமையலறையில் நின்று நீர் சொன்ன அன்று, உன்ரை வீட்டு வாசற்படியை என்ரை கால் மிதியாது என்று அப்பா சொன்ன சொல்லை நீரும் மறந்திருக்கமாட்டீர், நானும் மறக்கவில்லை. நூற்றுக்கணக்கான புத்தகங்களைத் தேடிப் படித்த எனக்கு அன்று ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. உமது பக்கமும் பேசவில்லை, அவரது பக்கமும் பேசவில்லை, குழாயைத் திறந்து கழுவிய கோப்பைகளையே மீண்டும் கழுவிக்கொண்டு நின்றேன். அந்த மௌனத்தை அடக்கம் என்று பல காலம் நினைத்திருந்தேன். அது பயம் என்று இப்போது அறிகிறேன்.

கடந்த மாதம் நான் வண்டியோட்டிப் பழகியபோது, அப்பா புதிதாக வாங்கிப் பொருத்திய வழிகாட்டிக் கருவியில் பதிந்திருந்த முகவரிகளைப் பார்த்தேன். மேலே எண்ணெய் நிலையம், அதன் கீழே டயர்க் கடை, எல்லாவற்றுக்கும் அடியில், அதாவது அனைத்துக்கும் முன்னதாகப் பதியப்பட்டதாக, உம்முடைய தெருவும் வீட்டிலக்கமும் இருந்தன. உம்முடைய கடித உறையின் பின்புறத்தைப் பார்த்து எழுதியிருக்கவேண்டும், இலக்கத்தின் பின்னால் வரும் எழுத்துக்கூடத் தவறவில்லை. அதன் பிறகு பல காரியங்கள் விளங்கத் தொடங்கின. இரண்டு பேர் போகும் வண்டிக்கு நான்கு கோப்பை எதற்கு என்று கேட்டதற்கு, உடைஞ்சால் என்ன செய்யிறது என்றார். உடையாத கோப்பை என்று தெரிந்தெடுத்து வாங்கியவரும் அவரே. வண்டியின் படி ஆடுகிறது என்று ஒரு சனிக்கிழமை முழுவதும் குனிந்திருந்து திருத்தி, மேலே றப்பர் ஒட்டினார், ஆரும் ஏறி வந்தால் வழுக்கக்கூடாது என்றார். ஒடென்சேயிலிருந்து நித்தியானந்தன் சித்தப்பா தொலைபேசியில் பிடித்து, என்ன அண்ணை, சபதம் கரைஞ்சு போச்சோ என்று சீண்டினார். அப்பா கோபிக்கவில்லை. நான் ஒருத்தற்றை வீட்டையும் போகேல்லையடா, என்ரை வீட்டோடை போறன் என்றார்.

சயந்தினி, அந்த வாக்கியத்தை நான் கொப்பியில் போர்த்துக்கல்லுக்குரிய பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சொன்ன சொல்லை மீறாமல் உம்மிடம் வந்து சேர்வதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது. ஆகவே நாங்கள் வந்து நிற்கும்போது வீட்டுக்குள் வாருங்கள் என்று அவரை முதலில் அழைக்கவேண்டாம். அழைத்தால் அவர் மறுக்கவேண்டி வரும், மறுத்துவிட்டால் அதையும் காப்பாற்ற வேண்டி வரும். நீர் முந்திக்கொண்டு எங்கள் படியில் ஏறும். தேநீர் நான் போடுவேன், கோப்பைகள் நான்கு இருக்கின்றன. ஜூலியனையும் அழைத்து வாரும். அவர் நல்ல உயரமானவர் என்று எழுதியிருந்தீர். எங்கள் வாசல் மிகவும் தாழ்வு, தலையை நன்றாகக் குனிந்துதான் உள்ளே வரலாம். அது வண்டியின் அமைப்பு என்பதை ஜூலியனுக்கு மாத்திரம் சொல்லிவையும், அப்பா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டால் நான் திருத்தப்போவதில்லை.

ஜனவரி மூன்றாம் திகதி புறப்பட்டு, பகலில் மாத்திரம் ஓட்டி, முழங்காலுக்கு ஓய்வு கொடுத்து, பன்னிரண்டு நாட்களில் வந்து சேரலாம் என்று கணித்திருக்கிறேன். பாதித் தூரம் நானே ஓட்டுவேன், பயப்படவேண்டாம். வண்டியின் நீளம் ஏழு மீற்றர், உயரம் மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைவு. உம்முடைய வாசலுக்கு அருகில் இப்படியொரு வண்டி நிற்க இடமுண்டா, தெருவில் தாழ்ந்த மரக்கிளைகள் உள்ளனவா என்பதை அளந்து பார்த்து எழுதும். இடம் பாத்தாச்சோ என்று அப்பா இந்த வாரம் மூன்று தடவை கேட்டுவிட்டார். நீர் இன்னும் மனம் ஆறவில்லை, வரவேண்டாம் என்றாலும் மறைக்காமல் எழுதும். அதைக் கேட்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன், அவருக்கு வேறொரு நாட்டின் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவேன். டெனிஷில் எழுதினாலும் குறையில்லை, நான் வாசித்து அறிந்துகொள்வேன்.

உமது தொழிலும் உடலும் மனமும் ஒருங்கே நலம்பெற்று விளங்கவும், உங்கள் இருவருடைய வீட்டிலும் அமைதி நிலைக்கவும் ஆசீர்வதிக்கிறேன். கடற்காற்றில் ஈரத் தலையோடு திரியாதேயும். பதிலை விரைவாக எழுதும்.

என்றும் உமது அன்பு அம்மா,
பரமேஸ்வரி