முருகேசண்ணன் அந்தக் காரை உடைக்கவில்லை

எல்லாவற்றிலும் அவசரப்பட்ட என் அண்ணனுக்கு,

நீ போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் முழுசாகக் கேட்டிருக்க மாட்டாய், பாதியிலேயே கத்தியிருப்பாய். இனிக் கத்த மாட்டாய் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் ரிமோட் காரைப் பற்றித்தான் அண்ணே. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் நீயும் உன் கூட்டாளி முருகேசண்ணனும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. அப்போதே அது பழைய கார். ஒரு வாரம் நம் வீட்டில், மறு வாரம் அவர் வீட்டில். வேலைக்குப் போகிற இரண்டு ஆண்பிள்ளைகள் பசுமலை அடிவாரத்துப் பொட்டலில் அதன் பின்னால் ஓடுவதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கு மட்டும் தர மாட்டாய். "ஒனக்கு இதெல்லாம் வராது செல்வி, போ" என்பாய். கியர்பாக்ஸைத் திறக்க முருகேசண்ணனைக்கூட விட மாட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ முடிவெட்டப் போயிருந்தாய். முந்தின நாள் சாயங்காலம்தான் அவர் காரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் அதை மொட்டைமாடிக்கு எடுத்துப் போனேன். பத்து நிமிடம் ஓட்டியிருப்பேன். கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றது. ரிமோட்டில் அழுத்திய விரலை நான் எடுக்கவில்லை. உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம். அதன்பிறகு மோட்டார் மட்டும் கத்தியது, சக்கரம் சுற்றவில்லை. தூசியைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன்.

நீ வந்து ஓட்டிப் பார்த்தாய். அப்படியே காரைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாய். நானும் பின்னாலேயே வந்தேன். தெருவே பார்க்க நீ கத்தினாய்.

"கியர்பாக்ஸ ஒடச்சுப்புட்டு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி வச்சிட்டுப் போயிருக்க. திருட்டுப்பய புத்தி!"

"சத்தியமா நல்லாத்தான் ஓடுச்சு மாப்ள," என்றார் அவர். இரண்டு தடவை சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் அண்ணே? அடிப்பாய் என்றா? நீ என்னை அடித்ததே இல்லையே.

காரைத் திரும்பக் கொண்டுவந்து பரணில் போட்டாய். மறுநாளிலிருந்து நீ அவர் வண்டியில் ஏறவில்லை. கப்பலூர் கம்பெனிக்கு தினமும் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன வண்டி. நீ சைக்கிளை எடுத்தாய். பன்னிரண்டாம் நாள் நெடுஞ்சாலையில் அந்த லாரி.

உன்னைத் தூக்கும்போது முருகேசண்ணன் தெருமுனையைத் தாண்டி வரவில்லை. "அவன் வண்டியில கூட்டிட்டுப் போயிருந்தா எம்புள்ள இருந்திருப்பான். அந்தப் பாவி வெளங்குவானா?" என்று அன்று தொடங்கிய அம்மா நிறுத்தவே இல்லை. அவருடைய முதல் குழந்தை பிறந்து தங்காமல் போனபோதுகூட, "எம்புள்ள உசுரு சும்மா விடுமா?" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்றைக்கும் பேசவில்லை.

போன மாதம் வெள்ளையடிக்க வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து கார் இறங்கியது. பழைய இரும்புக்காரரிடம் போடச் சொன்னாள் அம்மா. நான் திருமங்கலத்துக்கு, என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் அண்ணே. ஸ்க்ரூடிரைவர் பிடிக்க எனக்கு வரும்.

கியர்பாக்ஸ் மூடியைக் கழற்றினேன். உள்ளே கிரீஸ் மெழுகு போல இறுகிக் கிடந்தது. அதில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. குறுக்கே உன் வெட்டுத் தழும்பு. இப்போதுதான் அழுத்திவிட்டு எடுத்தது போல வரி வரியாக இருந்தது. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டேன். மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் அதைத் துடைக்காமல் பல்சக்கரத்தை வெளியே எடுக்க வழியில்லை. நான்காம் நாள் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தேன். அந்தத் துணியை இன்னும் துவைக்கவில்லை.

வெளியே எடுத்த பல்சக்கரத்தில் பல் போயிருந்தது. கடைகளில் அப்படி ஒன்று கிடைக்காது. வெட்டித்தான் போட வேண்டும். வெட்டத் தெரிந்தவர் யாரென்று எனக்குத் தெரியும்.

முருகேசண்ணன் இப்போது கப்பலூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். நீ போன சாலையை அகலப்படுத்துகிறார்கள். நீ விழுந்த இடம் எது என்று இனி யாராலும் காட்ட முடியாது. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டேதான் போனேன்.

"வா செல்வி," என்றார். ஒன்பது வருடத்தில் எங்களுக்குள் முதல் பேச்சு அது. பையிலிருந்து காரை எடுத்ததும் அவர் முகம் மாறியது. நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, இத ஒடச்சது நாந்தான். அன்னைக்கு மாடியில வச்சு ஓட்டுனேன்."

அவர் கடைசல் இயந்திரத்தை நிறுத்தினார். பல்சக்கரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மோட்டாரை ஆட்டிப் பார்த்தார்.

"இது ஒரு நாள்ல ஒடஞ்சதில்ல. சுத்தியும் தேஞ்சிருக்கு பாரு. மோட்டாரப் பிடிக்க ரெண்டு ஸ்க்ரூ வேணும், ஒண்ணுதான் இருக்கு. மோட்டாரு வெலகி வெலகிப் பல்லத் தின்னுருக்கு. யாரு ஓட்டியிருந்தாலும் போயிருக்கும்."

இன்னொரு ஸ்க்ரூவை மாட்டாமல் விட்டது யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பெட்டியைத் திறந்து மூடியவன் நீ ஒருவன்தான்.

பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. பல் போனது என்னால் இல்லை, சரி. நான் ஊமையாக நின்றது யாரால்?

"என்னைய மன்னிச்சிருங்கண்ணே."

"இப்ப வந்து சொல்லி என்ன செய்ய? அவன் எங்கிட்டக் கடேசியாச் சொன்னது திருட்டுப்பயன்னு. அத ஒன்னால மாத்த முடியுமா?" அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "சக்கரம் வெட்டித் தாரேன். வெள்ளிக்கெழம வா."

வெள்ளிக்கிழமை போனேன். நைலானில் வெட்டிய வெள்ளைப் பல்சக்கரத்தைப் பூட்டி, இரண்டு ஸ்க்ரூவையும் முடுக்கினார். காரை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் வண்டி பேட்டரியிலிருந்து இழுத்த ஒயரை மோட்டாரில் தொட்டார். சக்கரங்கள் சுற்றின. பழைய சத்தம், ஒரு பிசிறும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். அந்தச் சத்தம் கேட்டால் நீ எங்கிருந்தாலும் ஓடி வருவாயே. வாசலில் வெயில் மட்டும் அடித்தது.

அவர் ஒயரை எடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "கொண்டு போ. இது ஓடுறதப் பாக்க என்னையக் கூப்பிடாத."

நேற்று அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாடியில் ஓட்டியது, 'கடக்' என்ற சத்தம், நான் சொல்லாமல் மறைத்தது எல்லாம் சொன்னேன். ஸ்க்ரூவை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு நீ தப்பே செய்யாத பிள்ளை, அப்படியே இருந்துவிட்டுப் போ. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது, அதனால்தான் அதை இங்கே எழுத முடிகிறது.

கை நிற்காமல் கீரையை ஆய்ந்து முடித்தாள். "இம்புட்டு வருசமும் இத வச்சுக்கிட்டு எப்பிடிடீ சோறு தின்ன?" என்றாள். திட்டினாளா, இரங்கினாளா? எனக்குத் தெரியவில்லை. கீரைத்தண்டைக் கூட்டி அள்ளியபடி தனக்குள் சொல்வதுபோல, "அந்தப் பச்சப்புள்ளையக்கூட விட்டுவைக்காமப் பேசிட்டேனே," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு என்னைய அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

கூட்டிப் போகிறேன் அண்ணே. அவர் கதவைத் திறக்காமல் போகலாம். அப்படியானால் மறுநாளும் போவோம். அம்மாவால் நடக்க முடிகிற மட்டும் இரண்டு பேராகப் போவோம். அதற்கப்புறம் நான் ஒருத்தியாகப் போவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி