சதை வந்து சேரும் வரை

மார்ச் 4
கட்டைப் பிரித்தார்கள். உள்ளே தள்ளியிருந்த முகவாய் முன்னே வந்துவிட்டதாம். கண்ணாடியில் எனக்கு வீங்கிய பூசணிக்காய்தான் தெரிந்தது. கீழ் உதடு மரத்துக் கிடக்கிறது. “எலும்பை நகர்த்தியாச்சு. சதை மெதுவாத்தான் வந்து உட்காரும்” என்றார் டாக்டர். மாதக்கணக்கில் ஆகலாமாம்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு ஃபிரேம் மாட்டிப் பார்க்கும்போதெல்லாம் நிலைக்கண்ணாடியில், கழுத்தோடு ஒட்டிய என் முகவாயும் தெரியும். மற்றவர்கள் தாடி வளர்த்துச் சமாளிப்பார்கள். நான் வளர்க்கவில்லை. காய்ச்சலில் தன் காது போனதிலிருந்து என் மனைவி என் உதட்டைப் பார்த்துத்தான் நான் பேசுவதைப் புரிந்துகொள்கிறாள். அதை மறைக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்த அறுவைசிகிச்சை.

மார்ச் 9
தண்ணீர் கேட்டேன். என் வாயையே பார்த்தாள். மறுபடி கேட்டேன். எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

மறைக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவும் — இப்ப மொத்தமா மூடிப்போச்சே. இதை ஏன் முன்னாடி யோசிக்கல?

மார்ச் 17
ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகலத் திறந்து பார்த்தேன். அது இன்னும் மோசமாம், சாதாரணமாகப் பேசச் சொன்னாள். சாதாரணம்தானே வரவில்லை. துண்டுத்தாளில் எழுதி நீட்டினேன். வாங்கவில்லை.

“ஊர்ல எல்லாரும் எழுதித்தான் காட்டுறாங்க. நீங்களுமா?”

ஏப்ரல் 2
வீக்கம் வடிகிறது. முகம் எடுப்பாகிவிட்டது என்று கடையில் ஒரே புகழ்ச்சி. வீட்டில் பேச்சே இல்லை.

ஏப்ரல் 21
உதட்டில் எறும்பு ஊர்கிறது. நரம்பு விழிக்கிறதாம். சாயங்காலம் அவள் என் முகவாயை விரலால் அழுத்திப் பார்த்தாள். “கல்லா இருந்துச்சு. இப்ப கொஞ்சம் இளகியிருக்கு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். நானும்.

மே 6
சின்னச் சின்ன வார்த்தைகள் அவளுக்குப் பிடிபடுகின்றன. நீளமாகப் பேசினால் இல்லை.

ஜூன் 13
களைத்துப்போய் வந்து உட்கார்ந்தேன். அறையின் அந்தக் கோடியிலிருந்து, துணி மடிக்க வரச் சொன்னாள். தலையாட்டிவிட்டு, பழைய பழக்கத்தில், வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டா என்று உதடு அசைந்தும் அசையாமலும் முனகினேன்.

“ஆமா, ஆரம்பிச்சுட்டேன். முதல்ல அந்தப் போர்வையை மடிங்க.”

போர்வையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அவள் கையும் நின்றுவிட்டது.

பிறகு எல்லாத் துணியையும் நானே மடித்தேன். இனி இந்த வீட்டில் நிம்மதியாக முனகக்கூட முடியாது.