ஊற்றுகிற கை

சாண்ட்மவுத், நார்தம்பர்லாந்து
செப்டம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள காலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் லியானும் குட்டி ரோஸியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லியானுக்கு வாந்தி நின்றுவிட்டது என்று சொன்னாயே, மனசு லேசானது. மார்ச்சில் பிள்ளை பிறக்கும் வரை அவளைக் கனமாக எதையும் தூக்க விடாதே. இங்கே பிளம் மரம் இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்தது. ஜாம் கிளறினேன். உங்கள் நாட்டுக்குள் அதை அனுமதிப்பதில்லையாமே, அதனால் உன் பங்கையும் அப்பாவே ரொட்டியில் தடவிக்கொள்கிறார்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் இருப்பது கூடத்தில். அப்பாவின் நாற்காலியும் கூடத்தில். அதனால்தான் போன வாரம் நீ ஜூடித்தைப் பற்றிக் கேட்டபோது "சும்மாதான்ப்பா" என்று பேச்சை மாற்றினேன்.

உன் அக்காவுக்குப் பணக் கஷ்டம் எதுவும் இல்லை. ஆனிக்கில் அந்த வழக்கறிஞர் அலுவலக வேலை அப்படியேதான் இருக்கிறது. காலை எட்டு மணி பஸ்ஸில் போய், பகலெல்லாம் வீடு விற்கிறவர்கள் வாங்குகிறவர்களின் பத்திரங்களைச் சரிபார்த்துவிட்டு, ஆறு மணிக்குத் திரும்புகிறாள். அதற்கு மேலும் பப்பில் பகுதி நேர வேலை வேண்டும் என்று கோடை முடிவிலிருந்து அலைகிறாள். அலைந்தாள் என்பதுதான் சரி. ஒரு ஓட்டலில் மகன் வயது மதிக்கத்தக்க மேலாளர், "நாங்க காலேஜ் பசங்களத்தாங்க தேடறோம்" என்றானாம். இன்னொரு இடத்தில், "பகல் முழுக்க ஆபீஸ், சாயங்காலம் இங்கன்னா எப்போம்மா தூங்குவீங்க?" என்று கேட்டார்களாம். "பஸ்ஸுல" என்றாளாம் இவள். கடைசியில் கோல்ஃப் கிளப்பில் இரண்டு வாரம் கிளாஸ் கழுவ விட்டார்கள். அங்கேதான் நுரை தளும்பாமல் பீர் ஊற்றக் கற்றுக்கொண்டாள்.

இத்தனையும் நம் தெருக்கோடி 'நங்கூர'த்தில் சேருவதற்காக. அனுபவம் இல்லாதவர்களை அதை நடத்தும் மாரியன் எடுப்பதில்லை. கோல்ஃப் கிளப் கதையைச் சொன்னதும் மாரியன் இவளை மேலும் கீழும் பார்த்து, "நாற்காலியில குந்தியே பழகின காலு கண்ணு, இங்க வந்து நிக்குமா?" என்று கேட்டாளாம். ஒரு மாலை வைத்துப் பார்த்தாள். நின்றது. வருகிற வியாழக்கிழமை முதல் வாரத்தில் மூன்று மாலை.

நங்கூரம் உன் அப்பா தினமும் போகிற பப் என்பது உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆகஸ்டில் டாக்டர் சொன்னதை மட்டும் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். கல்லீரல். இப்போதே நிறுத்தினால் இன்னும் பல வருஷம் இருக்கலாம், நிறுத்தாவிட்டால் பிறக்கப்போகிற பேரப்பிள்ளையைப் பார்ப்பதுகூட உறுதியில்லை என்றார். நானும் ஜூடித்தும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்ததும் அப்பா, "நல்ல பையன். நான்தான் இவனுக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுத்தேன். மூணு தடவ பெயிலானான்" என்றார். அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். அன்றைக்கும் ஆறு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்று பாத்திரம் துடைத்துக்கொண்டே ஜூடித் சொன்னாள்: "வீட்டுல நாம சொன்னா அவருக்கு அது தொணதொணப்பும்மா. ஊத்துற கை என் கையா இருந்தா? ரெண்டோட நிறுத்திடுவேன். மூணாவது வேணும்னா என் மூஞ்சியப் பாத்துக் கேக்கட்டும்."

எனக்கு உதாரணம் இல்லாமல் எதுவும் சொல்ல வராது, உனக்குத் தெரியும். என் வகுப்பில் யார் சொல்லியும் அடங்காத பையன், வண்ணப் பெட்டியைத் தன் தங்கை கொடுத்தால் ஒழுங்காக வாங்கிக்கொள்வான். நான் பார்த்திருக்கிறேன். உன் அப்பாவும் அப்படி ஒரு பையன்தானே? நம்பித்தான் இருக்கிறேன்.

குளிர் உங்களுக்குப் போய் இங்கே வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா


சாண்ட்மவுத்
நவம்பர் 23

அன்புள்ள காலினுக்கு,

ரோஸியின் படம் வந்தது. கடற்கரையில் தொப்பியைக் கழற்றி மண் அள்ளுகிறாளே, அதைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அப்பா போகும்போதும் வரும்போதும் அந்தத் தொப்பியை விரலால் ஒரு தட்டுத் தட்டுகிறார்.

அக்கா விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். முதல் வியாழக்கிழமை நானும் போயிருந்தேன். ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட நாடகத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் தாய் மாதிரி இருந்தேன். அப்பா வந்தார். பாருக்குப் பின்னால் மகளைப் பார்த்ததும், "அடடே, ஊர்லயே நல்ல சரக்கு இங்கதான் இருக்கு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜூடித் கொக்கியிலிருந்து அவருடைய ஈயக் கோப்பையை எடுத்து ஊற்றினாள். உனக்கு ஞாபகம் இருக்கும், அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் சேர்ந்து, அவர் ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கோப்பை. இரண்டாவதும் ஊற்றினாள். மூன்றாவதற்குக் கோப்பையை நீட்டியபோது, "இன்னிக்கு இவ்வளவுதாம்ப்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவருடைய நண்பர்கள் ஆடிக்கொண்டிருந்த டாமினோ கட்டைகளின் சத்தம் நின்றுபோயிற்று.

யாரோ ஒருவர், "நார்மன், பெத்த பொண்ணே உன் லைசென்ஸ ரத்து பண்ணிட்டாடா!" என்று கத்தினார். அப்பாவும் சிரித்தார். "சிவப்பு விளக்கு விழுந்தா நிக்கணும். ஊருக்கே சொல்லிக் குடுத்தவன், நானே மீறலாமா?" என்றார். பிறகு கைக்குட்டையால் கோப்பையை உள்ளும் புறமும் துடைத்தார், கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார், மாரியனுக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். நான் போய்ப் பார்த்தபோது வீடு பூட்டியிருந்தது.

கோப்பை இப்போது துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் 'வெள்ளைக் குதிரை'யில் தொங்குகிறது. அடுத்த வாரமே டாமினோ கூட்டமும் அவர் பின்னால் அங்கே போய்விட்டது. நங்கூரத்தில் வியாழக்கிழமை மேசை காலி. மாரியன் நல்லவள், குறை சொல்லவில்லை. "தள்ளாடுறவனுக்கு ஊத்தினா சட்டப்படி குத்தம் கண்ணு, நானே விரட்டிடுவேன். உங்கப்பா தள்ளாடி யார் பாத்தா? நன்றி சொல்லிட்டு நாற்காலிய உள்ள தள்ளி வச்சிட்டுப் போற மனுஷன்" என்று மட்டும் சொன்னாளாம். அதுதான் நம் கஷ்டமும். சத்தம் போடுகிறவராக இருந்தால் நாலு பேர் நம் பக்கம் நின்றிருப்பார்கள்.

ஜூடித் வெள்ளைக் குதிரைக்கும் போய் வேலை கேட்டாள். அங்கே ஒரு இளம் முதலாளி. சேதி அதற்குள் ஊரெல்லாம் தெரியும் அல்லவா? "நீங்க ஊத்த வர்றீங்களா, இல்ல தடுக்க வர்றீங்களா?" என்று கேட்டானாம். இவளுக்குப் பொய் சொல்ல வராது. திரும்பி வந்துவிட்டாள். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை போய்க் கேட்கிறாள். நங்கூரத்தையும் விடவில்லை. தான் விட்டால் அப்பா திரும்பி அங்கே வந்துவிடுவாராம். அவர் வராமல் இருப்பதற்காக அவள் அங்கே நிற்கிறாள், காலின். இதை என்ன வேலை என்று சொல்வது?

ஜூடித்தைப் பார்க்க வந்துகொண்டிருந்த இயன் இப்போது வருவதில்லை. சனிக்கிழமை தவிர அவனுக்கு ஓய்வு கிடையாது, சனிக்கிழமை இவளுக்கு ஓய்வு கிடையாது. சண்டையில்லை. "அவன் காத்திருந்தான்மா, பாவம்" என்றாள். அலுவலகத்தில் ஒரு விலாசத்தைத் தப்பாக அடித்துவிட்டாளாம். இத்தனை வருஷத்தில் முதல் தப்பு என்பதால் மன்னித்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் என் வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போவேனே, அங்கே மணலில் ஓடிவரும் சின்ன ஓடையை அடைப்பதுதான் அவர்களுக்கு விளையாட்டு. மண்ணைக் குவித்து ஓரிடத்தில் அடைப்பார்கள். தண்ணீர் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகும், போகிற வழியில் கரையை அரித்துக்கொண்டே போகும். அதைப் பார்த்து அவர்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். இந்த நாட்களில் அது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

கிறிஸ்துமஸ் பொட்டலம் தனியாக வருகிறது. சிவப்புக் கம்பளிச் சட்டை ரோஸிக்கு, சின்னது பிறக்கப்போகிறவருக்கு.

அம்மா


சாண்ட்மவுத்
ஜனவரி 18

என் அன்பு மகனே,

அப்பா மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டார். கட்டுப் போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு இதோ கூடத்தில் தூங்குகிறார். நீ பதறி எழுதியதால் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

புது வருஷம் பிறந்ததும் வெள்ளைக் குதிரையில் ஆள் பற்றாக்குறை. அந்த இளைஞன் இறங்கிவந்து, நங்கூரத்தில் வேலையில்லாத மாலைகளுக்கு ஜூடித்தை எடுத்துக்கொண்டான். அப்பா அவளை அங்கே பார்த்தார், ஒரே ஒரு கோப்பை வாங்கினார், துடைத்துப் பையில் வைத்தார். மறுநாளிலிருந்து ஆற்றோரப் பாதையில் நடந்து அடுத்த ஊர் பப்புக்குப் போனார். ஒரு சொட்டுக் குடித்தாலும் கார் சாவியைத் தொடாத மனிதர். அந்த ஒழுக்கத்தை இந்த எழுபத்திரண்டு வயதிலும் விடவில்லை. அந்தப் பாதையில் விளக்கு கிடையாது, தடுப்பு கிடையாது. உறைபனி வேறு. திரும்பி வரும்போது சறுக்கி ஆற்றுச் சரிவில் விழுந்திருக்கிறார். நாயோடு வந்த ஒரு அம்மாள் பார்த்திருக்காவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். என்னைக் கண்டதும் அவர் சொன்னது: "பிரேக் பிடிக்கல, ஐலீன்."

நங்கூரத்தில் குடித்தபோது வீடு நாலு எட்டில் இருந்தது. கொஞ்சம் தாமதமானால் மாரியனே கோட்டை மாட்டிவிட்டுக் கூட்டி வருவாள். அந்த அடுத்த ஊரில் அவருக்கு யாரையும் தெரியாது.

ஜூடித் அழவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு அடுத்த ஊர் பப்புக்குப் போன் போட்டு, ஆள் வேண்டுமா என்று கேட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன். "ஞாயிறு, திங்கள் இருக்காம்மா, பஸ் ஒத்து வருது" என்றாள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. போன வாரம் அலுவலகத்தில் எழுத்து மூலமாக எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு நாற்பது வயதாகப் போகிறது, காலின். நான் எவ்வளவோ சொன்னேன். "நான் நிறுத்தினா நான்தானேம்மா அவரக் கொன்ன மாதிரி ஆகும்" என்கிறாள். அப்பாவிடமும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவள நான் வேலைக்குப் போகச் சொல்லலியேம்மா" என்றார். கோபத்தில் அல்ல, அன்பாகத்தான் சொன்னார். இரண்டு பேருமே நிற்க மாட்டார்கள். யார் முதலில் நிற்பது என்று இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் கொடுத்த கோட்டுப் பையில் கோப்பை இருந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நேற்று ஜூடித் அலுவலகம் போனபிறகு அதைக் கழுவித் துடைத்து நங்கூரத்துக்கு எடுத்துப் போனேன். அடுத்த ஊர் வேலைக்காக அவள் அங்கே வேலையை விட்டுவிட்டாள், பாருக்குப் பின்னால் மாரியன் மட்டும்தான். கொக்கி காலியாகவே இருந்தது, வேறு யாருடையதையும் அதில் மாட்டவில்லை. "நல்லா யோசிச்சீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். யோசித்தேன் என்றேன். அவளுக்கு உயரம் போதாது, எனக்கும் போதாது. ஸ்டூலைப் போட்டு நானே ஏறி மாட்டினேன்.

கை கூடியதும் அவர் அங்கே போவார். வீடு நாலு எட்டுதான்.

இப்போது நீ எனக்கு ஒன்று செய்யவேண்டும். ஜூடித்துக்கு நீயே போன் போடு, என்னிடமிருந்து எதுவும் வந்ததாகச் சொல்லாதே. மார்ச்சில் லியானுக்குத் துணை இல்லை, ரோஸியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அக்கா வந்தால்தான் முடியும் என்று சொல். லியானின் அம்மா வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல். தேவை என்று சொன்னால்தான் அவள் அசைவாள், ஓய்வு என்று சொன்னால் அசைய மாட்டாள். பிப்ரவரி முதல் வாரத்துக்கே டிக்கெட் எடுத்துவிடு. திரும்புவதற்கு எடுக்காதே. பிள்ளை பிறந்ததும் அவள் கையில் கொடு. கையில் பிள்ளை இருந்தால் கொஞ்ச நாள் வேறு எதையும் தூக்க முடியாது.

கோப்பையைப் பற்றி அவளுக்கு ஒருபோதும் தெரியவேண்டாம். பிறகு இங்கிருந்து என்ன செய்தி வந்தாலும் அவளைத் தனியாக விமானம் ஏற்றி அனுப்பிவிடாதே. இங்கே எனக்கு மாரியன் இருக்கிறாள், எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது, நான் பார்த்துக்கொள்வேன்.

அப்பா விழித்துக்கொண்டார். சின்னதுக்கு என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்கிறார். முடிவு செய்திருந்தால் சீக்கிரம் எழுது, காலின். பிறக்கும்வரை காத்திராமல் இப்போதே எழுது.

உங்கள் நால்வரையும் நெஞ்சோடு அணைத்து,
அம்மா